சொல்லாமலே செய்யும் துரோகம்

2018 ஏப்ரலில் அமெரிக்க செனட் குழுக்களின் முன்பு சாட்சியம் அளித்த மார்க் சக்கர்பெர்க், ஃபேஸ்புக் தன் பயனர்களின் தகவலை விளம்பரதாரர்களுக்கு விற்பதில்லை என்று அழுத்திச் சொன்னார். அது பெருமளவு உண்மைதான். விளம்பரம் கொடுப்பவரின் கைக்கு உங்கள் பெயர் போவதில்லை, நீங்கள் எதையெல்லாம் பார்த்தீர்கள் என்ற பட்டியலும் போவதில்லை. இந்த வயது, இந்த ஊர், இந்த ஆர்வம் உள்ளவர்களுக்கு என் விளம்பரத்தைக் காட்டுங்கள் என்று அவர் கேட்கிறார். அந்த ஆட்கள் யார் என்பது நிறுவனத்துக்குள்ளேயே இருந்துவிடுகிறது. கூகுளும் தன்னைப் பற்றி இதையேதான் சொல்கிறது. தனியுரிமை பற்றிய நம் விவாதமும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது: தகவல் வெளியே போனதா, இல்லையா? போகவில்லை என்றால் குறை தீர்ந்தது என்று குற்றம் சாட்டுபவர்களும் மறுப்பவர்களும் ஒன்றுபோல ஏற்றுக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த கேள்வி. ஒருவர் தன் உள்ளத்தைத் திறந்து காட்டுகிறார். கேட்டவர் அதை வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை, ஆனால் தன் ஆதாயத்துக்காக அந்த மனிதர்மீதே அதைப் பயன்படுத்துகிறார். அங்கே தவறு நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது என்பது என் வாதம். வெளியே சொல்வதைவிட அது சிறிய தவறும் அல்ல.

கணினி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை நுணுக்கமாக ஆராய்ந்த இடம் ஒன்று உண்டு. அது கத்தோலிக்கத் திருச்சபையின் பாவசங்கீர்த்தனம். விசுவாசிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது குருவிடம் தங்கள் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. கேட்டதை வெளியிடும் குருவைப் பதவியிலிருந்து நீக்கி, ஆயுள் முழுவதும் தவம் செய்யும்படி கடுமையான மடத்தில் அடைக்க வேண்டும் என்று அதே விதி சொன்னது. தமிழுக்கு இது அந்நியமான சங்கதி அல்ல. முத்துக்குளித்துறை மக்களுக்காக அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார் தமிழில் அச்சேற்றிய தொடக்க கால நூல்களில் ஒன்று, 1580-இல் கொச்சியில் வெளிவந்த பாவசங்கீர்த்தனக் கையேடு. குரு வெளியே சொல்லக் கூடாது என்பது அன்றும் இன்றும் எல்லோரும் அறிந்தது. அடுத்த படி அவ்வளவு பரவலாகத் தெரியாது. வெளியே கசியாமல் பார்த்துக்கொண்டால், கேட்டதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு கருத்து இறையியலாளர்களிடையே உலவியது. 1682 நவம்பரில் ரோமாபுரி அதைக் கண்டித்துத் தள்ளியது. இன்று நடைமுறையில் இருக்கும் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இரண்டும் தனித்தனி விதிகளாகவே நிற்கின்றன. 983-ஆம் விதி வெளியிடுவதைத் தடுக்கிறது. 984-ஆம் விதி, வெளிப்படும் ஆபத்து துளியும் இல்லாதபோதுகூட, கேட்டதைச் சொன்னவருக்குப் பாதகமாகப் பயன்படுத்துவதை முற்றாகத் தடுக்கிறது.

இதன் கனம் நடைமுறையில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். பங்குத்தந்தையின் வீட்டில் வேலை செய்யும் ஒருவர், உண்டியல் காசை எடுத்ததாக அவரிடமே அறிக்கையிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குரு அதை யாரிடமும் சொல்லக் கூடாது. அத்தோடு முடிவதில்லை. அந்தக் காரணத்துக்காக அவரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, அவரிடமிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, மறுநாள் முதல் அலமாரியைப் புதிதாகப் பூட்டவும் கூடாது. ஒன்றும் அறியாதவராகவே நடந்துகொள்ள வேண்டும். தனக்கு நஷ்டம் வந்தாலும் அப்படித்தான். எதற்காக இவ்வளவு கண்டிப்பு? பயன்படுத்தலாம் என்று ஒரு சிறு வழி விட்டாலும், சொல்பவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்விளைவைக் கணக்குப் பார்த்துத்தான் இனி வாய் திறப்பார். ரகசியம் காப்பாற்றப்பட்டிருக்கும், ஆனால் உள்ளத்தைத் திறப்பதற்கான இடம் என்று ஒன்று இல்லாமல் போயிருக்கும். அப்படி ஓர் இடம் இருக்க வேண்டுமானால், அங்கே கேட்டது அங்கேயே செயலற்றுப்போக வேண்டும்.

திருச்சபையை உத்தமமான முன்மாதிரியாக நான் நிறுத்தவில்லை. பாவசங்கீர்த்தன இரகசியம் குற்றவாளிகளுக்கும் மறைவிடமாகியிருக்கிறது என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. குழந்தைகள்மீதான பாலியல் வன்முறையை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையம், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதானாலும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2017-இல் பரிந்துரைத்தது. அந்த விவாதத்தில் என் மனம் குழந்தைகளின் பக்கம். இங்கே நான் எடுத்துக்கொள்வது வெளியிடுவது வேறு, பயன்படுத்துவது வேறு என்று பிரித்துப் பார்க்கும் அந்தத் தெளிவை மட்டும்தான். அதற்கு விசுவாசம் தேவையில்லை.

செல்போன் ஒன்றும் பாவசங்கீர்த்தனத் தொட்டி அல்லவே, அதன் முன் யாரும் மண்டியிடுவதில்லையே என்று கேட்கலாம். ஆனால் மனிதர்கள் அதனிடம் எதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் கணவரிடம் சொல்வதற்கு முன் தேடுபொறியிடம் கேட்கிறார்கள். தவணை கட்டாவிட்டால் வீட்டுக்கு ஆள் வருவார்களா என்று நள்ளிரவில் தட்டச்சு செய்கிறார்கள். அடிக்கும் கணவரை விட்டு வெளியேற முடியுமா என்று தேடிவிட்டு, தேடிய தடத்தை அழிக்கிறார்கள். குரு, தன்னிடம் சொன்னதை மட்டும்தான் கேட்டார். செல்போனோ சொல்லாததையும் சேர்த்துக் கேட்கிறது: எந்தப் படத்தில் விரல் நின்றது, எந்தச் செயலி ஒரே இரவில் எத்தனை முறை திறக்கப்பட்டது, எந்த மருத்துவமனை வாசலில் எவ்வளவு நேரம் நின்றார். ஒரு செயலியில் விளம்பரத்துக்கான இடம் காலியாகும்போது பெரும்பாலும் ஏலம் ஒன்று நடக்கிறது. கைப்பேசியின் விளம்பர அடையாள எண், அதன் மாடல், ஐபி முகவரி, எந்தச் செயலி, எந்த மொழி, பல வேளைகளில் இருக்கும் இடம் எல்லாம் ஏலம் கேட்பவர்களிடம் போகின்றன. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் யாரோ ஒருவர் வெல்கிறார். தோற்றவர்களும் அந்தத் தகவலைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு மிக அருகில் வரும் வழக்கு ஒன்று உண்டு. பெட்டர்ஹெல்ப் என்பது இணையவழி மனநல ஆலோசனை நிறுவனம். கிறிஸ்தவர்களுக்கென்று 'ஃபெய்த்ஃபுல் கவுன்சலிங்' என்ற பெயரிலும், பதின்வயதினருக்கென்று வேறொரு பெயரிலும் சேவை நடத்தியது. சேர வருபவர் முதலில் ஒரு நீண்ட கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். மனச்சோர்வு உண்டா, தற்கொலை எண்ணம் வந்ததுண்டா, மருந்து எடுக்கிறீர்களா என்றெல்லாம் அது கேட்கும். ஆலோசனை போன்ற சில தேவைகளுக்குத் தவிர இந்த விவரங்களை வெளியிடவோ பயன்படுத்தவோ மாட்டோம் என்று நிறுவனம் உறுதி தந்தது. நடந்தது வேறு என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-இல் குற்றம் சாட்டியது. பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் ஃபேஸ்புக்குக்குப் போயிருந்தன. ஏற்கெனவே மனநல சிகிச்சை பெற்றவர்கள் என்ற தகவலை வைத்து, அவர்களைப் போன்ற மற்றவர்களைத் தேடிப் பிடித்து விளம்பரம் காட்டும்படி ஃபேஸ்புக்கிடம் சொல்லப்பட்டிருந்தது. பல்லாயிரம் புதிய வாடிக்கையாளர்கள் அதனால் கிடைத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 78 லட்சம் டாலர் செலுத்த நிறுவனம் சம்மதித்தது. இந்த வழக்கில் இரண்டு தவறுகளும் சேர்ந்தே இருக்கின்றன. செய்தித்தாள்கள் பேசியது முதலாவதை, அதாவது தகவல் ஃபேஸ்புக்குக்குப் போனதை. தகவல் போகாமலே, நிறுவனம் தன் சொந்தக் கணினியில் வைத்தே ஒருவருடைய விரக்தியை அடுத்த வாடிக்கையாளரைப் பிடிக்கும் தூண்டிலாக மாற்றியிருந்தால்? சொன்னவருக்கு நேர்ந்த அவமதிப்பு அப்போதும் அப்படியேதான் இருந்திருக்கும்.

வெளியிடும் குற்றத்தை உலகம் ஓரளவு புரிந்துகொண்டுவிட்டது. தொழுகை நேரம் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ' செயலியின் இடத் தகவல், இடைத்தரகு நிறுவனம் வழியாக அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் வரை போனது 2020 நவம்பரில் அம்பலமானபோது உலகெங்கும் முஸ்லிம்கள் கொதித்தார்கள், நிறுவனம் அந்தத் தொடர்பை அறுத்துக்கொண்டது. 2021 ஜூலையில், அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் பொதுச்செயலாளராக இருந்த குரு ஒருவர், சந்தையில் கிடைத்த செல்போன் தரவைக் கொண்டு அவருடைய அந்தரங்கத்தைத் தோண்டிய ஒரு செய்தித் தளத்தால் பதவி விலக நேர்ந்தது. இப்படிப்பட்ட அதிர்ச்சிகளின் நடுவேதான் தொழில்நுட்பத் தீர்வுகள் வந்தன. 2021 ஏப்ரல் முதல் ஐபோனில், பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர விரும்பும் ஒவ்வொரு செயலியும், பின்தொடரலாமா என்று கேட்டாக வேண்டும். நேரடியாகக் கேட்டபோது பெரும்பாலானோர் வேண்டாம் என்றார்கள். அந்த ஒரு கேள்வியால் 2022-இல் தனக்குச் சுமார் 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அறிவித்தது. சாதாரண மனிதர்களின் விருப்பம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் ஆப்பிள் எதைப் 'பின்தொடர்தல்' என்று வரையறுக்கிறது என்று பாருங்கள். ஒரு நிறுவனம் தன் சொந்தச் செயலிக்குள் திரட்டியதை வைத்துத் தானே விளம்பரம் காட்டுவது அதில் சேராது. தரவு கைப்பேசியை விட்டு வெளியேறாமல், உள்ளேயே இணைக்கப்பட்டு விளம்பரத்துக்குப் பயன்பட்டாலும் சேராது. கூகுள் 2022-இல் முன்வைத்து 2025-இல் கைவிட்ட 'டாபிக்ஸ்' திட்டமும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்: உங்கள் ஆர்வம் என்ன என்பதை உங்கள் கருவியே கணித்து, தலைப்பை மட்டும் விளம்பரதாரருக்குச் சொல்லும். இவை பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். 983-ஆம் விதியின் வேலையை இவை நன்றாகவே செய்கின்றன. 984-ஆம் விதியின் பக்கம் இவை திரும்பவே இல்லை.

பக்தி உள்ளவர்களிடமிருந்து அடிக்கடி வரும் மறுப்பு ஒன்று உண்டு: ஆண்டவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு யார் பார்த்தால் என்ன? இந்த மறுப்பை வழக்கமாக நாத்திகர்கள்தான் எதிர்கொள்கிறார்கள். ஆனால் இதற்கான பதில் சமயங்களுக்குள்ளேயே இருக்கிறது. கடவுள் அனைத்தும் அறிவார் என்று நம்பிய திருச்சபைதான் குருவின் வாயையும் கையையும் கட்டியது. இறைவன் யாவும் அறிந்தவன் என்று திரும்பத் திரும்பச் சொல்லும் குர்ஆன்தான் தன் 49-ஆம் அத்தியாயத்தில் பிறரைத் துருவி ஆராய்வதை மனிதர்களுக்கு விலக்குகிறது. இறைவன் அறிகிறான் என்பதால் மனிதனும் அறியலாம் என்று இந்த மரபுகள் முடிவு கட்டவில்லை. காரணம் எளியது. இறைவனுக்குத் தேவை என்று ஒன்று கிடையாது. என் பலவீனத்தை அவன் அறிவதால் அவனுக்கு எந்த லாபமும் இல்லை. அவனுடைய அறிவு என்மீது பயன்படுத்தப்பட்டால் அது என் பொருட்டுத்தான் என்பது பக்தனின் நம்பிக்கை. தேவை உள்ளவனின் கையில் அதே அறிவு ஆயுதமாகிவிடும். காலாண்டுக்கு ஒருமுறை பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனத்தை எல்லாம் அறிந்த இறைவனின் இடத்தில் வைத்துப் பேசுவது, பக்தர் ஒருவர் செய்யத் தகாத காரியம் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு மறுப்பு உண்மையிலேயே வலுவானது. 984-ஆம் விதி பாதகமாகப் பயன்படுத்துவதைத்தானே தடுக்கிறது? எனக்குத் தேவையான பொருளை எனக்குக் காட்டுவது பாதகமா? பழகிய மளிகைக் கடைக்காரர் வாடிக்கையாளர் வாய் திறக்கும் முன்பே என்ன வேண்டும் என்று அறிந்து எடுத்து வைப்பார், அதை யாரும் குற்றம் என்பதில்லையே? இதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். மழைக்காலத்தில் குடை விளம்பரம் வருவதில் எந்தக் கேடும் இல்லை. மனக்குறிப்பை அறிவது நம் மரபில் உயர்ந்த கலையும்கூட. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு, பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. ஆனால் அங்கே குறிப்பை அறிபவர்கள் யார்? அரசனோடு இருப்பவரும் காதலில் இருப்பவரும். அறிபவர், அறியப்படுபவர் இருவரையும் ஓர் உறவு கட்டியிருக்கிறது, ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கிறார். கடைக்காரரும் அப்படித்தான். அவர் என்ன அறிவார் என்பது எனக்குத் தெரியும், அதே தெருவில் அவரும் இருக்கிறார், நம்பிக்கை கெட்டால் நாளை அவர் கடைக்குப் போக மாட்டேன். விளம்பர இயந்திரத்துக்கு என் முகம் தெரியும், அதன் முகம் எனக்குத் தெரியாது. அதைவிட முக்கியமானது, அது எதை வெற்றி என்று எண்ணுகிறது என்பது. தொட்டாரா, வாங்கினாரா, பணம் கட்டினாரா என்பது மட்டுமே அதன் அளவுகோல். தேவைப்பட்டு வாங்கினாரா, தாங்க முடியாத நேரத்தில் விழுந்தாரா என்ற வேறுபாடு அந்த அளவுகோலில் பதிவதே இல்லை. குடையையும் பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியையும் அது ஒரே முறையில்தான் விற்றுவந்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்தது. பொருளைத் தடுத்தோம், தோற்றவரின் வேளை பார்த்துக் கதவைத் தட்டக்கூடிய முறையைத் தொடவில்லை. அடுத்த பொருளுக்கு அது தயாராகவே இருக்கிறது.

குடைக்கும் ரம்மிக்கும் இடையே கோடு போட முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். இதை உங்களுக்குக் காட்டியதற்கான முழுக் காரணத்தையும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? மழை பெய்கிறது, அதனால் குடை என்று தாராளமாகச் சொல்லலாம். மூன்று இரவுகளாக நீங்கள் தூங்கவில்லை, நேற்று கடனைப் பற்றித் தேடினீர்கள், இன்று சம்பள நாள், அதனால் இந்தக் கடன் செயலி என்று எந்த நிறுவனமும் சொல்லத் துணியாது. நிறுவனங்களுக்கும் இது தெரியும் என்பதற்கு அவர்களுடைய விதிமுறையே சாட்சி. மெட்டாவின் விளம்பரக் கொள்கைப்படி, பார்ப்பவரின் மதம், நோய், பணநிலை போன்ற சொந்த விவரங்களைத் தாங்கள் அறிந்திருப்பதாகக் காட்டும் வாசகம் விளம்பரத்தில் இருக்கக் கூடாது. 'உங்களுக்குச் சர்க்கரை நோயா?' என்று கேட்கக் கூடாது. உடல்நலம், மதம், அரசியல் போன்றவற்றைச் சுட்டும் பல இலக்குத் தெரிவுகளை அது 2022 தொடக்கத்தில் நீக்கியதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் யாருக்குக் காட்டினால் பலிக்கும் என்று பழைய நடத்தையிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் இயந்திரம் நிற்கவில்லை. அறிந்ததாகச் சொல்லக் கூடாது, அறிந்து செயல்படலாம் என்பதே அங்கே விதி. 2017 மே மாதம், ஃபேஸ்புக்கின் உள் ஆவணம் ஒன்றை ஆஸ்திரேலிய நாளிதழ் ஒன்று அம்பலப்படுத்தியது. பதின்வயதினர் தங்களைப் பயனற்றவர்களாகவும் தோற்றவர்களாகவும் உணரும் வேளைகளை அறிய முடியும் என்று அது சொன்னது. மனநிலையை வைத்து விளம்பரம் காட்டும் வசதியை நாங்கள் தருவதில்லை, அந்த ஆய்வு விளம்பரத்துக்குப் பயன்படவில்லை என்று நிறுவனம் மறுத்தது. அந்த மறுப்பை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: நாளை பயன்படுத்தக் கூடாது என்று எந்தச் சட்டம் அவர்களைக் கட்டியிருந்தது?

யாரும் உங்களைப் பார்ப்பதில்லை, எல்லாம் இயந்திரம்தான் என்ற சமாதானமும் உண்டு. எனக்கு இது ஆறுதலாக இல்லை. குரு தான் கேட்டதைச் சுமக்கிறார், அந்தச் சுமையே அவரைக் கட்டுப்படுத்துகிறது. வெட்கப்படவும் தயங்கவும் ஒருவர் இருக்கும் இடத்தில்தான் மனச்சாட்சி என்ற தடை வேலை செய்யும். இயந்திரத்தில் தயங்குவதற்கு ஆள் இல்லை. அந்தத் தடையைச் சட்டம்தான் வெளியிலிருந்து போட வேண்டும்.

ஒப்புக்கொண்டுதானே செயலியை நிறுவினீர்கள் என்பது அடுத்த வாதம். பாவசங்கீர்த்தனத்துக்கும் மனிதர்கள் தாமாகத்தான் போகிறார்கள், போனதாலேயே சொன்னதைப் பயன்படுத்த அனுமதி தந்ததாகிவிடாது. வழி தெரிந்துகொள்ள இருப்பிடத்தைத் தந்தவர் வழிக்காகத் தந்தார். அந்தச் சம்மதத்தை அதற்கு அப்பால் இழுக்கக் கூடாது. இலவசச் சேவைக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. ஏழைக்கும் வரைபடமும் தேடுபொறியும் வீடியோவும் கிடைப்பது விளம்பரத்தால்தான். நூறு பேருக்குத் துணி விற்கும் சிறு வணிகருக்குச் சரியான நூறு பேரைக் காட்டுவதும் அதுவே. விளம்பரமே கூடாது என்று நான் வாதிடவில்லை. ஆளை அறியாமல், அவர் இப்போது படிக்கும் பக்கத்தை மட்டும் பார்த்து விளம்பரம் வைப்பது நூறு வருடப் பழக்கம். நெதர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனம் 2020 தொடக்கத்தில் தன் தளங்களில் பின்தொடரும் குக்கிகளை முற்றாக விட்டொழித்தது. அந்தத் தளங்களின் விளம்பர வருவாய் முந்தைய ஆண்டைவிட உயர்ந்தது. இடைத்தரகர்களுக்குப் போய்க்கொண்டிருந்த பங்கு மிச்சமானது அதற்கு ஒரு காரணம். எல்லா நிறுவனங்களுக்கும் இது பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உளவு பார்க்காவிட்டால் இலவசம் செத்துவிடும் என்ற அச்சுறுத்தலை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

984-ஆம் விதியின் இரண்டாம் பகுதிதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. அதிகாரத்தில் அமர்ந்திருப்பவர், பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததைத் தன் வெளி ஆட்சிக்கு எந்த விதத்திலும் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. இங்கே பாதகம் என்ற நிபந்தனைகூட இல்லை. அடுத்த 985-ஆம் விதி இன்னும் ஒரு படி போகிறது: நவசந்நியாசிகளின் தலைவரும் குருமடத்தின் அதிபரும், தங்களோடு அதே இல்லத்தில் தங்கியிருக்கும் மாணவர்கள் தாமாக விரும்பிக் கேட்டாலொழிய, அவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது. ஆள்பவரும் உள்ளத்தைக் கேட்பவரும் பொதுவாக ஒருவராக இருக்கக் கூடாது என்பதே இதன் பொருள். ஸ்மார்ட்போன் உலகில் ஆள்பவர்கள் இருவர்தான். எந்தச் செயலி கடையில் இருக்கலாம், எந்தத் தகவலை யார் எடுக்கலாம் என்று விதி எழுதுபவர்கள் ஆப்பிளும் கூகுளும். கூகுளின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்தே வருகிறது. ஆப்பிள் தன்னைத் தனியுரிமையின் காவலாகக் காட்டிக்கொள்கிறது. ஆனால் சஃபாரி உலாவியில் கூகுள் தேடலை முன்னிருப்பாக வைப்பதற்காக கூகுள் 2022-இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்பது, அமெரிக்க அரசு கூகுள்மீது தொடர்ந்த வழக்கின் ஆவணங்களில் வெளிவந்தது. ஆப் ஸ்டோரில் ஆப்பிளும் விளம்பரம் விற்கிறது. பின்தொடர்தல் பற்றிய அனுமதிக் கேள்வியை ஆப்பிள் நடைமுறைப்படுத்திய விதம் மற்ற நிறுவனங்களுக்கு அநியாயமானது என்று பிரான்ஸின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் 15 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்த ஆணையமும் அனுமதி கேட்பதன் நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. விதி எழுதும் கை வணிகமும் செய்வதில்தான் சிக்கல். காவலர் நல்லவரா கெட்டவரா என்று விசாரித்துக்கொண்டிருப்பதைவிட, இயங்குதளத்தை நடத்துபவர் விளம்பர வணிகத்தில் இருக்கக் கூடாது என்று பிரித்துவிடுவதே சரியான வழி என்று நான் கருதுகிறேன். இது கடினமான கோரிக்கை என்பது எனக்குத் தெரியும்.

இந்தியாவுக்கு இதில் ஒரு தொடக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெரியவர்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் சம்மதத்தையே நம்பியிருக்கிறது. ஆனால் அதன் 9-ஆம் பிரிவு, குழந்தைகளைப் பின்தொடர்வதையும், அவர்களுடைய நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. தகவல் வெளியே போனதா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. பெற்றோர் சம்மதித்தார்களா என்பதோடும் அது நின்றுவிடவில்லை. பயன்படுத்துவதையே மீறலாகக் கொள்கிறது. சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிறையாதவர். தற்கொலை எண்ணத்தை ஒரு கேள்வித்தாளில் எழுதும் 17 வயதுப் பெண்ணுக்குச் சட்டத்தின் எழுத்தில் இந்தக் காப்பு உண்டு, அதையே எழுதும் 19 வயதுப் பெண்ணுக்கு இல்லை. நோய், கடன், மனநிலை, வழிபாடு ஆகிய நான்கிலாவது, சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வயது எதுவானாலும், அறிந்ததை வைத்து விளம்பரம் குறிவைக்கக் கூடாது என்று இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.